குடம் தூக்கும் தோள்

அந்த ஏழெட்டு மாதமும் என்னிடம் சுகம் விசாரித்தவர்கள் எவரும் என் முகத்தைப் பார்த்து விசாரிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் என் இடது தோளில்தான் போய் நின்றது. “கை எவ்வளவுக்கு வந்திட்டுது மாஸ்ரர்?” என்பார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உள் அறையில் கட்டிலில் கிடந்த அம்மாவுக்கும் தெரியும். அம்மா சாகக் கிடந்தார். நான் அவருக்கு ஒரே பிள்ளை. கொள்ளி வைக்கிற மகன் சுடலையில் தண்ணீர் நிறைந்த மண்குடத்தை இடது தோளில் ஏற்றி, இடக்கையால் அதைப் பிடித்தபடி சிதையை மூன்று தரம் சுற்றிவர வேண்டும். என் இடக்கையோ விலாவோடு ஒட்டிக் கிடந்தது.

அது ஒட்டிய கதை ஒரு வெட்கக்கேடான கதை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஒரு றாத்தல் பாணுக்கு விடியமுன் வரிசையில் நிற்கவேண்டியிருந்த காலம். வெங்காயமும் மிளகாயும் விளைவித்தவன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். உடுப்பிட்டியில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்கும் அந்த ஆசை வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் வெங்காயம் நட்டேன். விளைந்ததை ஒரு சாக்கில் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்துச் சந்தைக்குப் போகிற வழியில், மதவடி முடக்கில் சைக்கிள் சறுக்கியது. நான் ஒரு பக்கம், சாக்கு ஒரு பக்கம். இடது தோள் மதகுக் கட்டில் அடிபட்டது. வெங்காயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பரியாரியார் வந்து தோளைத் தடவிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, சதைதான் நெரிந்திருக்கிறது என்றார். மருந்து அரைத்துப் பத்துப் போட்டுச் சீலையால் சுற்றி, கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூக்கிக் கட்டிவிட்டார். போகும்போது படலையடியில் நின்று, “மூண்டு கிழமையாலை அவிட்டுப்போட்டு மெல்ல மெல்ல ஆட்டத் தொடங்கும் மாஸ்ரர். அதுக்குப் பிறகும் கட்டி வைச்சிருக்கப்படாது” என்றார். அந்த மனிதர் சரியாகத்தான் சொன்னார். கேட்காதது நாங்கள்.

மூன்று கிழமை முடிந்த அன்று சீலையை அவிழ்க்கப் போனேன். அம்மா கட்டிலில் கிடந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“நோ இருக்கே மோனை?”

“எப்பன் இருக்கு.”

“அப்ப ஏன் அவிக்கிறாய்? கட்டு. உது வேறை ஆற்றையேன் தோளே? எனக்குக் குடம் தூக்கிற தோள். நல்லாய் மாறட்டும்.”

அம்மாவுக்கு அப்போது நாரி, முழங்கால், கைவிரல்கள் எல்லாம் வாதம் பிடித்து வருடக்கணக்காகியிருந்தது. அதோடு இருதயமும் பழுது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இனி நாள்தான் என்று அம்மா தனக்குள் தீர்மானித்துவிட்டார். சாவுக்கு அவர் பயப்பட்டதை நான் காணவில்லை. அவருக்கு இருந்தது ஒரே பயம். நான் குடம் தூக்க மாட்டாமல் போனால் அடுத்த உரிமை என் பெரியப்பாவின் மகனுக்கு. அவர்தான் எங்கள் பக்கத்து வளவு. வேலியை ஒரு வருடம் எங்கள் பக்கம் தள்ளி அடைத்தவர் என்று அம்மா அவரோடு கதையை விட்டு எத்தனையோ காலம். “அவன்ரை கையாலை எனக்குக் கொள்ளி வேண்டாம். அதிலும் பாக்க என்னைக் கிடந்தபடி கிடக்க விடுங்கோ” என்று என் மனைவியிடம் அடிக்கடி சொல்வார்.

பார்க்க வந்த இனசனம் எல்லாம் அம்மாவின் பக்கம். “ஓம், ஓம், அவசரப்படாதையும். குடம் தூக்கிற தோளல்லோ” என்று தலையாட்டினார்கள். ஒரு பாத்திரத்தை விசேஷத்துக்கென்று மேல்தட்டில் கவிழ்த்து வைப்பதுபோல என் தோளை எடுத்து வைத்துவிட்டார்கள். நானும் படித்தவன், பரியாரியார் சொன்னதைக் காதால் கேட்டவன், பேசாமல் இருந்தேன். பத்து காய்ந்தால் புதுப் பத்து. சீலை ஊத்தையானால் புதுச் சீலை. ஆடி போய் ஆவணி போயிற்று. தீபாவளிக்கு எண்ணெய் வைத்து முழுகவென்று கட்டை அவிழ்த்தபோது நோ இல்லை. சந்தோஷமாகக் கையைத் தூக்கினேன். கை வரவில்லை. முழங்கை ஒரு சாண் விலகியது, அதோடு நின்றுவிட்டது. மனைவி பிடித்துத் தூக்கப் பார்த்தார். தோள்மூட்டு அசையாமல் முதுகுப்பட்டை முழுவதும் சேர்ந்து எழும்பியது. எண்ணெய் வழிய வழிய கிணற்றடியில் நின்று நான் கத்தியது அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். மூட்டுகளுக்கு அப்பியாசம் கொடுக்கிற பகுதியில் கண்ணாடி போட்ட ஒரு மிஸ்ஸி இருந்தார். கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எவ்வளவு காலம் கட்டி வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“முறியாத தோளை ஏன் ஐயா இவ்வளவு காலம் கட்டினனீங்கள்?”

அம்மாவின் செத்தவீட்டுக்கென்று பத்திரப்படுத்தினோம் என்று சொல்ல வாய் வரவில்லை. எவ்வளவு நாளில் சரிவரும் என்று மட்டும் கேட்டேன்.

“அது உங்களிலைதான் இருக்கு. ஒவ்வொரு நாளும் விடாமல் செய்தால் வரும். ஒரு வருஷம் எண்டாலும் செல்லும். நோகும். நோகுதெண்டு விட்டால் திரும்ப இறுகும். வேகமாய் இழுத்தாலும் கூடாது. மெல்ல, நோ தொடங்கிற இடம் மட்டும் கொண்டுபோய், மூச்சை விட்டுக்கொண்டு கொஞ்சம் நிப்பாட்டி வையுங்கோ.”

வீட்டுக்கு வந்து அம்மாவின் அறையிலேயே தொடங்கினேன். வேறு இடத்தில் செய்ய அம்மா விடவில்லை. குனிந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கூட்டின் ஊசல்போல ஆட்ட வேண்டும். பிறகு சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். ஏறிய இடத்தில் மனைவி கரியால் ஒரு கோடு கீறுவார். கிணற்றில் கிடந்த பழைய கப்பியைக் கழற்றி வந்து அறையின் கூரை வளையில் கட்டி, கயிற்றின் இரு முனையையும் இரு கையிலும் பிடித்து, நல்ல கையால் இழுத்துக் கெட்ட கையைத் தூக்குவேன். கடைசியாகத் தோளுக்கு வெந்நீர் ஒத்தணம்.

நோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெட்டுக்காயத்தின் நோவுக்கு ஒரு நேர்மை உண்டு, இந்த இடத்தில் என்று காட்டலாம். இந்த நோ அப்படியில்லை. தோளில் தொடங்கி முழங்கைக்கு இறங்கி, பல்லுக்குள் வந்து நின்றது. கரும்பலகையில் கணக்கை எழுதுவது வலக்கை என்பதால் பள்ளிக்கூடம் தப்பியது. ஆனால் சேட்டுப் போடுவதற்கும் முதுகு தேய்ப்பதற்கும் நான் ஒரு குழந்தைப்பிள்ளையாகிப் போனேன். நாற்பத்தைந்து வயதில் பெண்சாதி சேட்டு மாட்டிவிட நிற்பவனுக்குத் தன்மேல் வரும் எரிச்சலை நான் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. யாரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் கொப்பியில் பிழையைக் கண்டால் பேனையால் குத்தினேன்.

அம்மா மட்டும் நாளுக்கு நாள் தெளிந்தார். காலையில் நான் சுவரடிக்குப் போகமுன் விழித்து, தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லித் தயாராக இருப்பார். கோடு கொஞ்சம் ஏறினால் அன்றைக்குக் கஞ்சி இன்னும் ஒரு கரண்டி உள்ளே போகும். “நாடி மட்டுக்கு வந்திட்டுது” என்று வருகிறவர்களுக்குச் சொல்வார். “காதுக்கு வந்தால் காணும். குடம் பிடிக்கலாம்.” தன் கல்யாணத்துக்குச் சேலை எடுத்து வருவதைப் பார்க்கிற பெண்பிள்ளையின் முகம். அந்த முகத்துக்கு முன்னால் நின்று நான் அவருடைய பிரேதத்துக்கு என்னை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். கை ஏறினால் அம்மா போகலாம். ஏறாவிட்டால் அம்மா போகமாட்டாமல் தவிப்பார். இதில் எதற்காக நான் பல்லைக் கடிப்பது? எந்தத் தெய்வத்துக்கும் இந்தக் கேள்வியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். தலைக்கு மேல் கை கூப்ப முடியாதவன் என்று ஊர் அதற்கு நல்ல காரணம் கண்டுபிடித்துத் தந்தது.

ஒரு கிழமை நான் கள்ளம் செய்தேன். கை ஏறக்கூடிய இடத்துக்கு ஏறாமல் பழைய கோட்டிலேயே நிறுத்தினேன். கோடு ஏறாதவரை அம்மா இருப்பார் என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், “என்னை ஏன் மோனை ஏய்க்கிறாய்? நான் கண் தெரியாதவளே?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் கோடு நாலு விரற்கடை ஏறியது. மனைவி கரியால் கீறினார்.

பெரியப்பாவின் மகன் ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு. வாசலில் நின்றபடி, “சின்னம்மா, தம்பியை இப்பிடி வருத்தாதையுங்கோ. ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ, நான் நிக்கிறன்தானே” என்றார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் போனபிறகு அம்மா, “கப்பியைப் பிடி மோனை” என்றார். அன்றைக்கு நான் இரண்டு நேரம் செய்தேன்.

இப்போது அந்த மற்ற விஷயத்துக்கு வரவேண்டும். இதுவரை அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

நான் சைக்கிளால் விழமுன் ஒவ்வொரு பின்னேரமும் அம்மாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து வேம்பின்கீழ்ச் சாய்மனைக் கதிரையில் இருத்துவேன். அங்கே காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, நிலத்தில் பாதம் பட, பொழுதுபடும்வரை இருப்பார். போகிற வருகிறவர்களோடு கதைப்பார். தோள் அடிபட்டதோடு அது நின்றது. கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள் வலக்கையை முதுகின்கீழ்க் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். அம்மா பாம்பைக் கண்டவர்போலப் பதறினார். “தொடாதை! என்னைத் தூக்கி உன்ரை தோள் போச்செண்டால் பேந்து என்ன செய்யிறது? நான் கிடக்கிறன், எனக்கென்ன.” மனைவி தனியாக அவரைப் புரட்டிப் படுக்கவைக்கலாம், துடைக்கலாம். தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போக அவருக்கு ஏலாது. அயலில் ஆட்களைக் கூப்பிட அம்மாவுக்கு விருப்பமில்லை. பிற ஆம்பிளை கை படுகிறதாம். இப்படியே அம்மா கட்டிலோடு ஆனார். முழங்காலை மடித்து வைத்தால் நோ குறைகிறது என்று கீழே ஒரு தலையணை வைக்கச் சொன்னார். வைத்தோம். இரவு பகலாக அந்தத் தலையணை அங்கேயே இருந்தது.

அடுத்த தரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மிஸ்ஸியிடம் அம்மாவைப் பற்றியும் கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“உடனை தலையணையை எடுங்கோ. முழங்காலை ஒவ்வொரு நாளும் மெல்ல நீட்டி மடக்க வேணும். ஒவ்வொரு நாளும் தூக்கிக் கதிரையிலை இருத்துங்கோ. உங்கடை தோளுக்கு நடந்ததுதான் அவவின்ரை காலுக்கும் நடக்குது.”

வந்து சொன்னேன். மனைவி தலையணையை எடுத்துக் காலை மெல்ல நீட்டப் பார்த்தார். அம்மா அலறிய அலறலில் எதிர்வீட்டார் ஓடிவந்தார்கள். மறுநாளும் பார்த்தோம். மூன்றாம் நாள் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். “என்னை விடுங்கோ பிள்ளையள். எனக்கு இனி எங்கை நடக்கப் போகக் கிடக்கு? நீ உன்ரை கையைப் பார் மோனை.” மனைவி அழுதுகொண்டு குசினிக்குள் போய்விட்டார். தலையணை திரும்ப முழங்காலுக்குக் கீழே போயிற்று. நான் என் கையைப் பார்த்தேன்.

அப்படித்தான் அந்த அறையில் ஒரு மூட்டுத் திறந்துகொண்டு வர, எட்டிப்பிடிக்கிற தூரத்தில் மற்ற மூட்டுகள் பூட்டிக்கொண்டு வந்தன. எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை. தினமும் சுவரில் விரலை ஏற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். போர்வைக்குக் கீழே முழங்கால்கள் கூரைமாதிரி எழும்பி நின்றன. மார்கழிப் பனியோடு அவை முற்றாக இறுகின. பிறகு மனைவி காலைக் கழுவும்போது இரண்டையும் ஒன்றாகத்தான் சரிக்க முடிந்தது.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் அம்மா குடத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார். மண்குடம் ஒன்றை மனைவி தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்தார். நான் குடத்தை எடுத்து இடது தோளில் வைத்தேன். இடக்கை ஏறிக் குடத்தின் கழுத்தைப் பிடித்தது. நொந்தது, ஆனால் பிடித்தது. அறைக்குள் கட்டிலைச் சுற்ற இடமில்லை. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாலு அடி வைத்துத் திரும்பினேன். உயிரோடு இருக்கிற தாய்க்கு முன்னால் அப்படி நடந்த மகன் இந்த ஊரில் வேறு எவனும் இருக்கமாட்டான். அம்மா முழுவதையும் பார்த்தார். “காணும் மோனை. இறக்கி வை” என்றார். அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது. சந்தோஷத்தில்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பற்றி எரிகிறது.

மாசிப் பனி தொடங்கமுன் ஒரு காலையில், கஞ்சிக் கரண்டி வாயருகில் இருக்க, அம்மா போனார்.

கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும். அதற்குக் காலை நீட்டவேண்டும். நீட்ட முடியவில்லை. உயிர் போனால் எல்லாம் இளகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். பெரியப்பாவின் மகன்தான் முதலில் ஓடிவந்தவர். அவர் முழங்காலில் கையை வைத்து மெல்ல அழுத்தினார். அழுத்த, மறுபக்கம் தலை எழும்பியது. “விடுங்கோ அண்ணை” என்று நான் கத்தினேன். அவர் கையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வேலியடியில் நின்று அழுதார். விரல்களை மடிந்த காலோடேயே கட்டினோம். பெட்டி கொண்டுவந்தவர் மூடியைப் பொருத்திப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். மூடி முழங்காலில் இடித்தது. மூடாமலே கொண்டுபோவதென்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள்.

கிரியை முடிந்து பெட்டிக்குள் வைக்க ஆட்கள் வந்தார்கள். நான் அவர்களை விலகச் சொன்னேன். குனிந்து ஒரு கையை முதுகின்கீழும் மற்றக் கையை மடிந்த முழங்கால்களின்கீழும் கொடுத்துத் தூக்கினேன். அந்தக் கால்கள் என் கை வளைவுக்கென்றே மடித்து வைத்ததுபோல வந்து இருந்தன. பாரமே இல்லை. ஏழெட்டு மாதமாக எந்தப் பாரத்துக்குப் பயந்து நாங்கள் எல்லாரும் அவரைக் கட்டிலில் போட்டு வைத்திருந்தோமோ, அந்தப் பாரம் அங்கே இல்லை. கட்டு அவிழ்த்த அன்றே, அந்தக் கெட்ட தோளோடேயே, நான் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வேம்பின்கீழ் இருத்தியிருக்கலாம். தோளுக்கும் அது நல்லதாயிருந்திருக்கும்.

சுடலையில் விறகை முழங்காலுக்கு மேலால் உயர்த்தி அடுக்கினார்கள். நான் குடத்தைத் தோளில் ஏற்றினேன். அம்மாவைவிடக் குடம் பாரமாக இருந்தது. பின்னால் வந்தவர் சுற்றுக்கு ஒரு தரம் கத்தியால் குடத்தில் துவாரம் போட, தண்ணீர் முதுகில் ஓடியது. மூன்று சுற்றும் கை அசையவில்லை. ஊர் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. பின்பக்கம் குடத்தைப் போட்டு உடைத்து, திரும்பிப் பாராமல் கொள்ளியை வைத்தேன்.

வரும் வழியில் பெரியப்பாவின் மகன் பக்கத்தில் வந்து நடந்தார். “கை நோகுதே தம்பி?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை” என்றேன்.

உண்மையாகவே நோகவில்லை. அன்றைக்காவது நொந்திருக்கலாம்.